ரத்தா, தடையா?

2023 ஜூன் 29 ராத்திரி. வெளியூர்ப் பதிப்பின் முதல் பக்கம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அமலாக்கத் துறை கைது செய்து நீதிமன்றக் காவலில் இருந்த, இலாகா இல்லாத அமைச்சர் செந்தில்பாலாஜியை அமைச்சரவையிலிருந்து உடனடியாக நீக்குவதாக அன்று சாயங்காலம் ஆளுநர் மாளிகை அறிவித்திருந்தது. "நீக்கம்" என்ற சொல்லைப் பக்கத்தின் குறுக்கே பெரிதாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அடுத்த செய்தி வந்தது. மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் கருத்தைக் கேட்கப் போவதால் அந்த நீக்க உத்தரவை நிறுத்திவைப்பதாக ஆளுநர் முதல்வருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

பக்கம் செய்யும் பையன் தலையில் கை வைத்தான். அப்புறம் சட்டென்று முகம் மலர்ந்து, "அக்கா, நீக்கம் ரத்துன்னு போட்டுரலாம். அளவு சரியா உக்காரும்" என்றான்.

"ரத்து இல்லப்பா. நிறுத்திவைப்பு."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா?"

"ஒண்ணு இல்ல."

"நிறுத்திவைப்பு இடம் பத்தாது."

அவன் சொன்னதும் சரிதான். ரத்து மூன்று எழுத்து. நிறுத்திவைப்பு ஏழு எழுத்து. தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளில் ரத்து இத்தனை தடவை வருவதற்குச் சட்டக் காரணம் எதுவும் கிடையாது, அகலம்தான் காரணம். கடைசியில் எழுத்தின் அளவைக் குறைத்து "நிறுத்திவைப்பு" என்றே போட்டோம். பையன் காலைவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா திருமங்கலத்தில் பத்திர எழுத்தர். ஊரில் எல்லோருக்கும் "ரைட்டர்". கதை எழுதுகிறவரையும் ரைட்டர் என்று சொல்வார்கள் என்பதே எனக்கு எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் கிரயம், தான செட்டில்மென்ட், விடுதலை, உயில், பிழைத்திருத்தல், ரத்து என்று பத்திரங்கள் வகைவகையாகக் கிடக்கும். யாராவது வந்து, "ரைட்டரய்யா, அன்னிக்கு எழுதுனத கேன்சல் பண்ணணும்" என்று சொன்னால் அப்பா உடனே பேனாவை எடுக்க மாட்டார். "எழுதுனது என்ன பத்திரம்? மொதல்ல அதச் சொல்லு" என்பார். எழுதியது என்ன என்று தெரியாமல் அதை அழிப்பதற்குச் சொல் தேட முடியாது என்பது அவருடைய கணக்கு. உயில் என்றால் எழுதியவர் சுயநினைவோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். கிரயம் அப்படி இல்லை. விற்றவர் மட்டும் தனியாகப் போய் "நான் ரத்து செய்கிறேன்" என்று ஒரு பத்திரம் பதிவு செய்துவிட முடியாது. ஒரு காலத்தில் அப்படியும் சிலர் செய்துகொண்டிருந்தார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அது கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதத்தான இருபது வருஷமா கத்துறேன்" என்றார்.

சரி, என் கதை.

செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் டெஸ்க்குக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஓர் அரசுத் துறையின் பணி நியமனங்களை எதிர்த்த வழக்கில், நியமனங்களை மேற்கொண்டு நடத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. நிருபர் சரியாகத்தான் எழுதியிருந்தார். இரண்டு பத்திச் செய்தி. இடம் குறைவு. நான் "பணி நியமனம் ரத்து" என்று தலைப்பு கொடுத்தேன். எழுதி முடிக்க நாலு நொடி ஆகியிருந்தால் அதிகம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அலுவலகத்தில் போன் அடித்தது. இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நான்தான் உட்கார்ந்திருந்தேன். சிவகங்கைப் பக்கத்து இளைஞர். முதல் வார்த்தையே, "மேடம், ரத்தா, தடையா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். தேர்வாகிவிட்டார். கையில் இருந்த தனியார் வேலையை விட்டுவிட்டார். நியமன ஆணை வர வேண்டியதுதான் பாக்கி. பெண் வீட்டில் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் அந்த வீட்டிலிருந்து யாரோ பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "தடைன்னா வெயிட் பண்ணுவாங்க மேடம். ரத்துன்னா பண்ண மாட்டாங்க."

நான் செய்தியை மறுபடி படித்தேன். தடைதான். "தடைதாங்க" என்றேன். "அப்ப ஏன் ரத்துன்னு போட்டீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் ஐந்தாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. திருத்தத்தை யார் படிக்கிறார்கள்?

அன்று மதியம் எங்கள் நியூஸ் எடிட்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது: "தடைங்கறது உலைய அடுப்புலேர்ந்து எறக்கி வைக்கறது. மறுபடி ஏத்தலாம், ஏத்தாமலும் போகலாம். ரத்துங்கறது கீழ கொட்டறது. ஆரம்பத்துலேர்ந்தே செல்லாதுன்னா, அரிசியே போடலைன்னு சொல்றது. இந்த மூணுல எதுன்னு தெரியாம தலைப்பு வைக்காத." தஞ்சாவூர்க்காரர். எதைச் சொன்னாலும் சோற்றில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

அந்த உலைக் கணக்கு எனக்கு எத்தனையோ இடங்களில் கைகொடுத்தது. பெரிய சோதனை 2014-ல் வந்தது. செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்தது. முதல்வர் பதவி அந்த நிமிடமே போயிற்று. அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்துத் தண்டனையை நிறுத்திவைத்தது. மதுரைத் தெருக்களில் வெடிச் சத்தம். "தண்டனை ரத்து!" என்று கத்திக்கொண்டு பைக்கில் போனார்கள். டெஸ்க்கிலும் இரண்டு பேர் அப்படியே தலைப்பு எழுதிக்கொண்டு வந்தார்கள். இறக்கி வைத்ததுதான், கொட்டவில்லை. நிறுத்திவைத்தது தண்டனையை, அவர் குற்றவாளி என்ற முடிவு அப்படியே நின்றது. அதனால்தான் ஜாமீனில் வெளியே வந்த பிறகும் அவரால் முதல்வராக முடியவில்லை. 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகுதான், மே 23-ல் மறுபடி பதவியேற்றார். தண்டனை நிறுத்திவைப்புக்கும் தண்டனை ரத்துக்கும் இடையில் ஒரு மாநிலம் ஏழு மாதம் காத்திருந்தது.

2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு மறுபடி உயிர் கொடுத்தது. சசிகலா சிறைக்குப் போனார். ஜெயலலிதா அதற்கு முன்பே, 2016 டிசம்பர் 5-ல் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. இந்த "அற்றுப்போதல்" யாரும் ரத்து செய்ததும் இல்லை, தள்ளுபடி செய்ததும் இல்லை. தண்டிக்க ஆள் இல்லாததால் வழக்கு தானாகவே அறுந்துவிடுகிறது. தமிழில் இதற்கு இவ்வளவு பொருத்தமான சொல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனால் தலைப்பில் அதைப் போட விடவில்லை. "யாருக்கும்மா புரியும்?" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

ரத்து எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். அரபியில் "ரத்" என்றால் திருப்பி அனுப்புதல், மறுத்தல். அது உருது, இந்துஸ்தானி வழியாகக் கோர்ட்டு, கச்சேரி என்ற அரசு அலுவலகங்களுக்குள் வந்து, "உ" சேர்த்துக்கொண்டு தமிழாகிவிட்டது. வாபஸ் பாரசீகம். ஜாமீன், அமல், தாக்கீது, வாய்தா எல்லாம் அதே கூட்டத்தோடு வந்தவை. நவாப் போய், கம்பெனி போய், வெள்ளைக்காரனும் போன பிறகும் இந்தச் சொற்கள் தாலுகா ஆபீஸை விட்டு நகரவில்லை. எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. ரத்து என்று சொல்லும்போது பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுக்கிற சத்தம் கேட்கிறது. "நீக்கம்" என்ற சொல்லில் அந்தச் சத்தம் இல்லை.

சட்டத்தை மொழிபெயர்க்கிறவர்கள் ரத்து என்று எழுத மாட்டார்கள். அவர்கள் சொல் "நீக்கறவு". நான் முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஒரு சட்டத்தை இன்னொரு சட்டத்தால் இல்லாமல் ஆக்குவதுதான் நீக்கறவு. நீதிமன்றம் செய்வது நீக்கறவு ஆகாது. கலெக்டர் செய்வதும் ஆகாது. இந்திய அரசமைப்பின் தமிழாக்கத்தில் கடைசிப் பகுதியைப் புரட்டினால் இந்தச் சொல் கிடைக்கும். அரசமைப்பின் 395-வது உறுப்பு, அதாவது கடைசி உறுப்பே ஒரு நீக்கறவுதான். அது எதை நீக்குகிறது தெரியுமா? 1935-ம் வருட இந்திய அரசுச் சட்டத்தை, கூடவே 1947-ம் வருட இந்திய விடுதலைச் சட்டத்தை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நமக்கு விடுதலை கொடுத்த சட்டத்தையே நாம் எழுதிய புத்தகத்தின் கடைசி வரியில் அடித்துவிட்டோம். நீ கொடுத்ததாக இருக்க வேண்டாம், நாங்களே எடுத்துக்கொண்டதாக இருக்கட்டும் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி. இதை ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பையன் விசில் அடித்தான்.

வாபஸ் விஷயம் 2021-ல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நவம்பர் 19 காலை பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி மூன்று வேளாண் சட்டங்களையும் கைவிடுவதாகச் சொன்னார். இந்தியில் "வாபஸ்" என்று சொல்லி, மூச்சு விடாமல் அடுத்த சொல்லாக ஆங்கிலத்தில் "ரிப்பீல்" என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் டெஸ்க்கில் யாரோ குறுக்கிட்டிருப்பார்கள் போல. தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பாலும் வாபஸ்தான் ஏறியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவை 2020 செப்டம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமாகிவிட்டவை. வாபஸ் வாங்குவதற்கு மேஜை மேல் கிடக்கும் மனுவா அது? இன்னொரு சட்டம் கொண்டுவந்துதான் நீக்க முடியும். நவம்பர் 29-ல் அந்த நீக்கச் சட்டம் இரு அவைகளிலும் ஒரே நாளில் நிறைவேறியது. இடையில் பத்து நாள். அறிவித்த பிறகும் டெல்லி எல்லையில் விவசாயிகள் எழுந்து போகாமல் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்று அலுவலகத்தில் சிலர் கேட்டார்கள். குறைந்தபட்ச ஆதரவு விலை உள்பட அவர்களுக்கு வேறு கோரிக்கைகளும் இருந்தன. ஆனாலும் வாய் வார்த்தைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை எங்கள் டெஸ்க்கைவிட அவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அதே சட்டங்களை 2021 ஜனவரி 12-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்திருந்ததையும் மறந்துவிட வேண்டாம். அப்போதும் அவர்கள் நகரவில்லை. இறக்கி வைத்த உலை.

வாபஸ் என்ற சொல் சரியாகப் பொருந்திய இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு. மே தினத்தன்று வாபஸ். அது மசோதாதான், சட்டமாகியிருக்கவில்லை. ஆகவே திரும்பப் பெறலாம். நிறைவேற்றம், நிறுத்திவைப்பு, வாபஸ் என்று பத்து நாளுக்குள் மூன்று சொற்களையும் வரிசையாகப் போட்டோம். அந்தப் பத்து நாளும் நான் உற்சாகமாக வேலை பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்ச் சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது "செல்லாது". காசுக்கும் சட்டத்துக்கும் ஒரே சொல். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிறகு இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாமல் போய்விட்டது. ஐநூறும் ஆயிரமும் நள்ளிரவிலிருந்து செல்லாது. எங்கள் தெரு இட்லிக்கார அம்மா உட்பட எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. ஆனால் 2023 மே 19-ல் ரிசர்வ் வங்கி இரண்டாயிரம் ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாகச் சொன்னபோது, அதே அறிவிப்பில் அந்த நோட்டு சட்டப்படி செல்லும் என்றும் இருந்தது. அன்றைக்கு யாராவது "ரூ.2,000 செல்லாது" என்று போட்டிருந்தால் மறுநாள் காலை பெட்ரோல் பங்குகளில் அடிதடியே நடந்திருக்கும். நாங்கள் "வாபஸ்" என்று போட்டோம். அப்படியும் காலையில் காய்கறிக்காரர் என்னிடம் இரண்டாயிரத்தை வாங்க மறுத்துவிட்டார். "செல்லும்ணே, நானே எழுதியிருக்கேன்" என்றேன். "எழுதுன நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

தள்ளுபடி என்ற சொல்லும் வேடிக்கையானது. கடன் தள்ளுபடி என்றால் சந்தோஷம். மனு தள்ளுபடி என்றால் அழுகை. ஆடித் தள்ளுபடி என்றால் கூட்ட நெரிசல். மூன்றும் ஒரே பக்கத்தில் வந்த நாளும் உண்டு.

சட்டத்தை ஒழித்துவிட்டதாகச் சொன்ன பிறகு அது எவ்வளவு காலம் நடமாடுகிறது என்பதுதான் என்னை உண்மையில் தொந்தரவு செய்யும் விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நினைவிருக்கிறதா? இணையத்தில் யாரையாவது எரிச்சலூட்டினால்கூட வழக்குப் போடலாம் என்ற பிரிவு. 2012-ல் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோரை இதில்தான் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. நானும் பெரிய எழுத்தில் "66ஏ ரத்து" என்று போட்டேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆறு வருடம் கழித்து 2021 ஜூலையில், நாட்டின் பல இடங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் இன்னமும் வழக்குப் பதிந்துகொண்டிருப்பதாக உச்ச நீதிமன்றத்தின் முன்னால் விவரங்கள் வந்தன. நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். 2022 அக்டோபரில் இனி யார் மேலும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடி ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. காரணம் ரொம்ப எளிது. நீதிமன்றம் செல்லாது என்று சொன்னாலும் புத்தகத்திலிருந்து அந்த வரி தானாக அழிந்துவிடாது. அச்சிட்ட புத்தகத்தில் அடிக்குறிப்பாக ஒரு பொடி எழுத்து வரும். ஸ்டேஷன் ரைட்டர் அடிக்குறிப்பு படிப்பாரா?

இதற்கு நேர் எதிரான கதை, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா. அந்தச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. 1995 மே மாதம் புதுப்பிக்காமல் விட்டார்கள், காலாவதியாகிவிட்டது. மாத்திரைக்கும் இதே சொல்தான். ஆனால் மாத்திரை காலாவதியானால் தூக்கிப் போடுகிறோம். சட்டம் காலாவதியானாலும் அது உயிரோடு இருந்தபோது போட்ட வழக்குகள் தொடர்ந்து நடக்கும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது 1998 ஜனவரி 28-ல். சட்டம் இறந்து இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தனிக் கதை.

இப்போதும் அதே மாதிரிதான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆனால் ஜூன் 30-ல் நடந்த திருட்டுக்குப் பழைய சட்டம்தான். 420 என்ற எண் இப்போது 318 ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். "அவன் ஒரு முன்னூத்திப் பதினெட்டு" என்று யாராவது திட்டி நீங்கள் கேட்டதுண்டா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மதுவைப் பற்றி இல்லாமல் தமிழ்நாட்டுக் கட்டுரை முடியாது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குக்கு ஒரு சட்டம் உண்டு. 1971-ல் கருணாநிதி ஆட்சி கடைகளைத் திறந்தபோது அதற்கு வைத்த பெயர் "ஒத்திவைப்பு". 1974-ல் மறுபடி மூடினார்கள், அப்புறம் மறுபடி திறந்தார்கள். அந்தச் சட்டத்தை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. இன்று டாஸ்மாக் கடை நடப்பது எந்தச் சட்டத்தின் கீழான விதிகளால் என்று பார்த்தால், 1937-ம் வருடத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். கள்ளக்குறிச்சி சாவுகளுக்குப் பிறகு 2024-ல் கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனை வரை கூட்டியதும் அதே சட்டத்தைத் திருத்தித்தான். மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில் மதுக்கடை. ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டோமே என்று ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது இதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அப்பாவிடம் ஒருமுறை என் அத்தை வந்தார். அப்பாவின் சொந்த அக்கா. தொண்ணூறுகளில் தன் வீட்டை ஒரே மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். எழுதியது அப்பாதான். வருடங்கள் கழித்து மகன் வீட்டில் சாப்பாடு சரியில்லை, பேச்சும் சரியில்லை. "தம்பி, அத ரத்து பண்ணிக் குடு" என்று வந்து உட்கார்ந்தார். அப்பா பழைய நகலைத் தேடி எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். இல்லை. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியரிடம் போய் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வைக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் அது. "அன்னிக்கு நிபந்தன வேணுமான்னு கேட்டேனேக்கா" என்றார் அப்பா. "பெத்த புள்ளைக்கு நிபந்தனையாடா போடுவாங்க?" என்றார் அத்தை. அப்புறம் இருவரும் காப்பி குடித்தார்கள். அத்தை அன்றிலிருந்து ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தில் 77ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கோர்ட் படியேறாமல் ரத்து. ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவே அரசமைப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. ரத்து செய்யும் அதிகாரம் ரத்து. அந்தத் தலைப்பை நான்தான் எழுதினேன். வேறு வழியே இல்லாமல், முழு மனதோடு, இரண்டு முறை ரத்து போட்டேன். அப்பா இருந்திருந்தால் வெட்டி ஒட்டி வைத்திருப்பார்.

சிவகங்கைப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தத் தடை பதினோரு மாதம் இருந்தது. இடையில் அவர் அவ்வப்போது கூப்பிடுவார். வாய்தா என்றால் என்ன அர்த்தம், நகல் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம் கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததற்கு எங்கள் கோர்ட் நிருபரைப் பிடித்துக் கொடுப்பேன். ஒருநாள் மதியம் குறுஞ்செய்தி வந்தது.

"தடை நீக்கம் மேடம்."

உடனே கூப்பிட்டேன். "ஆர்டர் கையில வந்துருச்சா?"

"இன்னும் வரல மேடம். டிவில போட்டான்."

"என்னன்னு போட்டான்?"

"தடை ரத்துன்னு."

"பொண்ணு வீட்ல சொல்லிட்டீங்களா?"

"ஆர்டர் வரட்டும் மேடம்" என்றார்.